பத்தாயத்தில் கிடந்த பாட்டில்

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை காரைக்கால் வந்துடுங்க. சாப்பாடு இங்கதான். மூக்கை மட்டும் பத்திரமா கொண்டாங்க. சளி கிளி புடிச்சிருந்தா வரவேணாம்."

விருந்துக்கு மூக்கைக் கொண்டுவரச் சொல்லி யாரும் என்னை அழைத்ததில்லை. அழைத்தவர் என் மனைவிக்குச் சித்தப்பா முறை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் 'சொல்தா மாமா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைக் காரைக்கால், புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். பிரெஞ்சில் சிப்பாய்க்கு அதுதான் சொல்.

தஞ்சாவூர்க்காரர்கள் பலருக்கே மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. நம் காவிரிப் படுகைக்கு உள்ளேயே இருநூறு வருஷத்துக்கு மேல் ஒரு துண்டு பிரான்ஸ் இருந்தது. 1739-ல் தஞ்சை மராட்டியர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது காரைக்கால். 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட்டில். அப்போது, "பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். மாமாவின் அப்பா எழுதிக் கொடுத்தவர். அந்த ஒரு கையெழுத்தில் மாமா பிரெஞ்சுக்காரர் ஆனார். ராணுவத்தில் சேர்ந்து, ஓய்வுபெற்று, போர்தோ நகரத்தில் தபால் துறையில் வேலை பார்த்து, 2012-ல் பென்ஷனோடு காரைக்கால் திரும்பினார். பையன் அங்கேயே தங்கிவிட்டான்.

நான் போனது ஆனி மாதம். காரைக்கால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. தெருவெல்லாம் மாம்பழ வாசனை. கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில்தான் போனேன். குடிக்கப் போகிற இடத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம்.

மாமா வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேஜை மேல் இரண்டு பாட்டில்கள் நின்றன. ஒரே அச்சு. ஒரே வெள்ளைக் காகிதம், அதில் ஒரே பழைய மாளிகைப் படம், அடியில் 1990 என்று ஒரே வருஷம். போர்தோவுக்கு வடக்கே மெதோக் என்ற பகுதியில் விளைந்த சிவப்பு ஒயின். பண்ணையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும்.

பையன் பிறந்தது 1990-ல். குழந்தை பிறந்த வருஷத்து ஒயினை வாங்கி வைத்து, அது பெரியவனானதும் திறப்பது பிரான்ஸில் ஒரு வழக்கம். மாமாவும் இரண்டு பாட்டில் வாங்கினார். 1990 போர்தோவுக்கு நல்ல வருஷம். வெயில் நன்றாக அடித்து, திராட்சை முற்றிப் பழுத்த வருஷம். அங்கே திரும்பும்போது ஒன்றைப் பையனிடம் விட்டுவிட்டு, ஒன்றை இங்கே கொண்டுவந்தார். "அவன் கல்யாணத்துக்கு உடைக்கிறது" என்பது திட்டம். கல்யாணம் அங்கேயே, பதிவு அலுவலகத்தில், நாலு பேர் முன்னிலையில் முடிந்துவிட்டது. அத்தைக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம், இவர்களால் போக முடியவில்லை. போன வருஷம் அத்தையும் போய்விட்டார். பையன் இந்த முறை வரும்போது தன்னிடம் இருந்த பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

சரி, என் மூக்கு எதற்கு?

இந்தப் பகுதியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், எனக்குக் குடியில் ஞானம் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அரிசி. நன்னிலம் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பத்தாயம் இருந்தது. தை மாதம் அறுத்த சம்பா நெல் அதற்குள் போகும். அந்த வருஷத்துப் புது அரிசி பொங்கலுக்கும் பாயசத்துக்கும்தான். சாப்பாட்டுக்கு முந்தின வருஷத்து நெல். காய்ச்சல் கண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அதற்கும் முந்தினது. அப்பாயி உள்ளங்கையில் நாலு அரிசியைப் போட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பார். ஒன்றைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். "இது ரெண்டு வருஷம்" என்பார். நெல் கொண்டுவந்தவர் தலையைச் சொறிவார்.

புது அரிசி குழையும், ஒன்றோடொன்று ஒட்டும். பழைய அரிசி அதிகம் தண்ணீர் குடிக்கும், நன்றாகப் பொலியும், சோறு உதிரியாக நிற்கும். வைத்திருக்க வைத்திருக்க அரிசிக்குள் இருக்கும் மாவும் புரதமும் மெல்ல மெல்ல இறுகுவதுதான் காரணம். அப்பாயிக்குக் காரணம் தெரியாது. ஆனால் அரிசியாக வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும், உமியோடு நெல்லாகத்தான் வைக்க வேண்டும் என்று தெரியும். தவிட்டில் இருக்கும் எண்ணெய்தான் அப்படிக் கெடுகிறது. எதை வைத்திருக்கலாம், எப்படி வைத்திருக்கலாம் என்பது பாதி வித்தை. இதை மாமாவிடம் எப்போதோ கதையாகச் சொல்லியிருந்தேன். அதுதான் வினையாகிவிட்டது.

"மாப்ளே, பாட்டில் எங்க இருந்துச்சு தெரியுமா? பத்தாயத்துலதான்!" என்றார் மாமா பெருமையாக. வீட்டுப் பின்கட்டில் நெல் இல்லாத பழைய பத்தாயம் ஒன்று கிடக்கிறது. அதற்குள் வைக்கோல் பரப்பி, சாக்கு சுற்றி, படுக்கவைத்து மூடியிருந்தார். வெளிச்சம் படாது. ஆடாது அசையாது. படுக்க வைத்ததால் கார்க் நனைந்தே இருக்கும், காய்ந்து சுருங்கிக் காற்று புகாது. எல்லாம் சரிதான். ஒன்றைத் தவிர.

பழைய ஒயின் கேட்பது 12, 13 டிகிரிக் குளுமை, அதுவும் வருஷம் முழுக்க ஏறாமல் இறங்காமல். நம் சித்திரையில் பத்தாயத்துக்குள் என்ன வெப்பம் இருக்கும்? பத்து டிகிரி கூடினால் ரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பையனும் திறக்கவில்லை. அவன் என்னைப் பார்த்த பார்வையில், 'அத்தான், உங்களுக்கும் தெரியுது இல்ல?' என்று இருந்தது.

இரண்டு பாட்டிலையும் பத்து நாளாக நிற்க வைத்திருந்தான். நம் பில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவதற்குக் காத்திருக்கிறோமே, அந்த மாதிரி ஒரு பொறுமை இதற்கும் வேண்டும். பழைய சிவப்பு ஒயினில் அடியில் மண்டி தங்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வந்த துவர்ப்புப் பொருளும் நிறமும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, அடியில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் பழைய ஒயினில் நிறமும் குறையும், துவர்ப்பும் குறையும்.

துவர்ப்பு என்றதும் எனக்கு ஒரு சின்ன கர்வம். வெள்ளைக்காரர்கள் இந்த ருசியைச் சொல்ல 'டானின்' என்று ரசாயனத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். நாம் அறுசுவையில் ஒன்றாகவே வைத்துவிட்டோம். வாழைப்பூவும் நாவற்பழமும் கொட்டைப்பாக்கும் தின்று வளர்ந்த நாக்குக்குச் சிவப்பு ஒயின் ஒன்றும் வேற்றுமொழி இல்லை.

இன்னொன்று, 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று ஒயின் புத்தகங்களில் இருக்கும். அது அந்தக் காலத்துப் பிரெஞ்சு மாளிகையின் அறை. 16-லிருந்து 18 டிகிரி. காரைக்கால் அறை அன்றைக்கு 34. எனவே இரண்டு பாட்டிலும் அரை மணி நேரம் பிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு வந்திருந்தன.

முதலில் பத்தாயத்துப் பாட்டில். கழுத்தில் சுற்றிய தகடு பிசுபிசுத்தது. ஒயினின் மட்டம் தோள்வரை இறங்கியிருந்தது. கார்க்கைத் திருகி இழுத்தால் பாதியில் பொடிந்து உள்ளே விழுந்தது. "முப்பது வயசுக்கு மேல ஆச்சுல்ல, பல்லு ஆடத்தானே செய்யும்" என்றார் மாமா. பையன் கொண்டுவந்த பாட்டிலுக்கும் அதே வயசு. அதன் கார்க் முழுசாக வந்தது. யாரும் அதைக் குறிப்பிடவில்லை.

பையன் இரண்டையும் அடுக்களைக்குக் கொண்டுபோனான். கழுத்துக்கு அடியில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கூஜாவில் மெதுவாகச் சாய்த்து, கறுப்பாக மண்டி தெரிந்ததும் நிறுத்தினான். பிறகு ஆளுக்கு இரண்டு கண்ணாடிக் கோப்பை. மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும், மீதி இடம் வாசனைக்கு. எது எந்தப் பாட்டில் என்று எனக்குச் சொல்லக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு.

"முதல்ல நிறம் பாருங்க. வெள்ளைத்துணி வேணும்" என்று சொல்லி, தன் வேட்டிக்கு மேல் கோப்பையைச் சாய்த்துக் காட்டினார். இளம் ஒயின் நாவற்பழச் சாறு மாதிரி நீலம் கலந்த சிவப்பாக இருக்கும். வயசான ஒயினில் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வரும். என் இடதுகைக் கோப்பையில் விளிம்பு மட்டுமல்ல, நடுவும் பழுப்பு. நன்னாரி சர்பத்தை இரண்டு நாள் வைத்தது போல. வலதுகைக் கோப்பையில் நடுவே மாதுளை முத்தின் சிவப்பு. ஓரத்தில் சூளையில் வெந்த செங்கல்.

அடுத்தது மூக்கு. கோப்பையை முதலில் சுழற்றாமல் மோந்து பார்க்க வேண்டும். பிறகு லேசாகச் சுழற்றி. நாம் காபியை ஆற்றுவது எதற்கு? சூடு தணிய மட்டுமா, காற்றுப் பட்டு மணம் எழவும்தானே? ஆனால் பழைய ஒயினை அப்படி முழநீளத்துக்கு ஆற்றக் கூடாது. வயசானவரைத் தோளைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. இருக்கிற கொஞ்ச வாசனையும் பறந்துவிடும்.

இடதுகைக் கோப்பை: வெல்லப்பாகு. கொதிக்க வைத்த உலர்திராட்சை. நறுக்கி மறந்துபோன ஆப்பிள். கெட்ட வாடை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே வாடை. திரும்பத் திரும்ப அதுதான்.

வலதுகைக் கோப்பை: நான் முதலில் சிரித்துவிட்டேன். பென்சில் சீவின தூள்! மூன்றாம் வகுப்பில் டப்பாவுக்குள் சேர்த்து வைப்போமே, அதே மணம். மெதோக் ஒயினுக்கு உலகம் முழுக்கச் சொல்லும் அடையாளமே இதுதான் என்று பையன் பிறகு சொன்னான். காபர்னே சோவிஞோன் என்ற திராட்சையும், ஒயின் ஊறிய ஓக் மரப் பீப்பாயும் சேர்ந்து கொடுப்பதாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மோந்தேன். பென்சில் போய்ச் சுருட்டுப் புகையிலை. பிறகு பழைய தோல் செருப்புக் கடை. பிறகு ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் வைக்கோல் போரின் அடிப்பக்கத்தைப் பிடுங்கினால் வருமே, ஈரமும் காளானும் மண்ணும் கலந்து, அது. கால் மணி நேரத்தில் நாலு முறை மாறியது. பழம் என்று ஒன்று எங்கோ பின்னால், அடுத்த தெருவில் நாதஸ்வரம் கேட்பது போல.

குடிப்பதற்கும் முறை உண்டு. ஒரு வாய். விழுங்காமல் நாக்கு முழுக்கப் பரப்பி, கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பிறகு விழுங்கிவிட்டு எண்ண வேண்டும். ருசி எத்தனை நொடி நிற்கிறது? இடதுகைக் கோப்பை புளித்தது, தட்டையாக இருந்தது, மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது. வலதுகைக் கோப்பையில் துவர்ப்பு இருந்தும் உறுத்தவில்லை. வெற்றிலைப் பாக்கு மென்று முடித்த வாயில் கடைசியாக மிஞ்சுமே, அந்தப் பதம். நான் இருபதுக்கு மேல் எண்ணினேன்.

"எது நல்லாருக்கு மாப்ளே?"

கேட்டுவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. எது பத்தாயத்துப் பாட்டில் என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். பதிமூன்று வருஷமாக வாரத்துக்கு ஒருமுறை திறந்து தொட்டுப் பார்த்து மூடியவர். அத்தை இருந்தபோது, "அதுக்குள்ள என்ன பொண்ணா ஒளிச்சு வெச்சிருக்கீங்க" என்று கேலி செய்வாராம். நான் தரையைப் பார்த்தேன். பையன் சுவரைப் பார்த்தான்.

மாமாவே இடதுகைக் கோப்பையை எடுத்து மோந்தார். ஒரு வாய் குடித்தார். மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"இது நம்ம வீட்டுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பதிமூணு சித்திரை. பாவம், அது என்ன பண்ணும்?"

அந்தப் பாட்டிலில் எந்தத் தப்பும் இல்லை. அதே தோட்டம், அதே பழம், அதே பீப்பாய். ஜிரோந்து ஆற்றங்கரையில் கூழாங்கல்லும் மணலும் கலந்த வறண்ட நிலத்தில் விளைந்தது அது. நம் வண்டல் மண்ணை அந்தக் கொடிக்குக் கொடுத்தால் இலையாகத் தள்ளுமே தவிர, பழத்தில் சாரம் சேராது. தண்ணீருக்காக வேர் கீழே தேடிப் போனால்தான் பழம் நன்றாக வருமாம். நெல்லுக்கு நேர் எதிர். காவிரி தண்ணீரையும் வண்டலையும் கொட்டிக் கொடுத்தால்தான் நமக்குச் சம்பா.

திராட்சைக் கள் இங்கே புதிதா என்றால், அதுவும் இல்லை. யவனர் கப்பலில் வந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதே நூலின் வேறொரு பாட்டில், குறவர்கள் மூங்கில் குழாயில் ஊறி முதிர்ந்த தேறலைக் குடிக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த கூர்முனை ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்தக் கப்பல் ஒயினும் வழியில் எத்தனை வெயில் பட்டிருக்கும்? நன்மாறன் குடித்ததும் நம் பத்தாயத்துச் சரக்கு மாதிரிதான் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஒயின் பாட்டில் வாங்கிப் பரணில் போட வேண்டாம். உலகத்தில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடித்து முடிப்பதற்காகவே செய்யப்படுகிறது. எல்லா நெல்லையும் மூன்று வருஷம் வைத்தால் எல்லாம் மருந்து அரிசி ஆகிவிடுமா? 'சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே' என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1990-களில் அப்படி ஒரு பேச்சு உலகம் முழுக்கப் பரவியது உண்மை. 2023-ல் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. மூன்று பேரில் நான் குடித்தது மொத்தம் ஒரு கோப்பை. டாக்டரிடம் சொன்னால் அதற்கும் திட்டுவார்.

பிறகு சாப்பாடு. பத்தாயத்து ஒயினைக் கீழே கொட்ட மாமா சம்மதிக்கவில்லை. பையன் அதை அப்படியே ஆட்டுக்கறி வேகும் சட்டியில் ஊற்றினான். வெங்காயம், பூண்டு, மிளகு, பட்டை இலை. ஒரு மணி நேரத்தில் வீடே மணத்தது. தனியாகக் குடிக்கச் சகிக்காதது, கறியோடு வெந்ததும் அருமையாகிவிட்டது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மாமா நல்ல ஒயினைச் சிறுகச் சிறுக, ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தார். கடைசியில் மணம் தளர்ந்து அடங்கிவிட்டது. திறந்தால் அவ்வளவுதான் அதன் ஆயுள்.

அத்தை போனதிலிருந்து பையன் அவரைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறான். டிக்கெட் பார்த்தும் வைத்திருக்கிறான். எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும், அன்றைக்கு யாரும் அதைப் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தவர் திடீரென்று கேட்டார்.

"ஏண்டா, ஒயின் வெச்சிருந்தியே உங்க கீழ் ரூமு, அங்க எத்தனை டிகிரிடா?"

"பதிமூணுப்பா."

"ஐயையோ. எனக்கு முட்டி வலி தாங்காது."

பையன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மேல வீட்டுல ஹீட்டர் இருக்குப்பா" என்றான். மாமா பதில் சொல்லவில்லை. ஊஞ்சலைக் காலால் உந்தினார்.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். காலிப் பாட்டில்கள் இரண்டையும் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தார், நல்லெண்ணெய் ஊற்றி வைக்க. "மாப்ளே, அடுத்த வாரம் இந்தப் பக்கம் வந்தா உங்க ஊர்லேந்து பழைய சம்பா அரிசி அஞ்சு கிலோ கொண்டாங்க. நல்லா ரெண்டு வருஷம் ஆனதா இருக்கணும். இவன் எடுத்துட்டுப் போறேங்கறான்."

"அவனுக்கு மட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"பத்து கிலோவாவே கொண்டாங்களேன்" என்றார்.